எத்தனையோ ஊர் இருக்க, ஏன் டேட்டன்?

நீங்கள் கேட்டது சுருக்கமான கேள்வி. 1960இல் வந்த ‘இன்ஹெரிட் த விண்ட்’ படத்தில், பள்ளியில் பரிணாமக் கொள்கை நடத்திய வாத்தியார் சிறையில் கிடக்கிறார், ஊர் ஜனம் வெளியே நின்று கூச்சல் போடுகிறது. அந்த வழக்கு உண்மையில் நடந்த டென்னஸி மாநிலத்து டேட்டன் அப்படிப்பட்ட முரட்டு ஊர்தானா, அவ்வளவு பெரிய வழக்கு அந்தச் சின்ன ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். வழக்கு ஏன் அங்கே வந்தது என்று தெரிந்துகொண்டால், அந்த ஜனங்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதும் தெரிந்துவிடும். டேட்டனுக்குத் தெற்கே நாற்பது மைல் தள்ளி இருக்கும் சாட்டனூகாவில் பதினெட்டு வருஷம் கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்தியவன் நான். வருஷம் தவறாமல் மாணவர்களை அங்கே கூட்டிப்போய், வழக்கின் சுருக்கெழுத்துப் பதிவை அந்தக் கோர்ட் அறையிலேயே உட்கார்ந்து வாசிக்கச் சொல்வேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். ஆனாலும் நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் இல்லை, அடிக்கடி போய்வந்தவன்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டேட்டன், ரே கவுண்டியின் தலைமையூர். எழுத்தைப் பார்த்தால் ‘ரியா’ என்று வாசிக்கத் தோன்றும், அங்கே எல்லோரும் ‘ரே’ என்றுதான் சொல்வார்கள். கவுண்டித் தலைமையூர் என்றால் நம் தாலுகா தலைமையிடம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம்: பத்திரப் பதிவு, வரி, கோர்ட், ஜெயில் எல்லாம் அங்கேதான். சுற்றுவட்டாரத்து விவசாயி மாதம் ஒரு தடவையாவது வண்டி கட்டிக்கொண்டு வந்தே ஆகவேண்டிய இடம். மேற்கே வால்டன்ஸ் ரிட்ஜ் என்ற நீண்ட மலைச்சுவர், கிழக்கே டென்னஸி ஆறு, நடுவில் குறுகலான பள்ளத்தாக்கு. 1807இல் உருவான இந்தக் கவுண்டிக்கு முதலில் தலைமையூராக இருந்தது டேட்டன் இல்லை, ஆற்றங்கரையில் இருந்த வாஷிங்டன் என்ற ஊர். படகும் பரிசலும் போய்வந்த காலத்தில் ஆற்றங்கரைக்குத்தான் மதிப்பு. இதே ஆற்றில், டேட்டனுக்குச் சற்றுத் தெற்கே பிளைத் பரிசல் துறையைக் கடந்துதான் 1838இல் செரோக்கி மக்களில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் சொந்த மண்ணைவிட்டு மேற்கே விரட்டப்பட்டார்கள். டேட்டனின் கதையை 1925இல் தொடங்குகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் கிழக்கு டென்னஸியின் பெரும்பகுதி வடக்குப் பக்கம் சாய்ந்திருந்தபோது, ரே கவுண்டியில் தெற்குக்கு நல்ல ஆதரவு இருந்தது. இளம்பெண்கள் கூடி ‘ஸ்பார்ட்டன்ஸ்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு குதிரைப்படை மாதிரி ஒரு குழு அமைத்தார்கள். 1865இல் வடக்குப் படை அவர்களைப் பிடித்துப் படகில் ஏற்றிச் சாட்டனூகாவுக்குக் கொண்டுபோனது.

டேட்டனுக்கு அப்போது ஸ்மித்ஸ் கிராஸ்ரோட்ஸ் என்று பெயர். நாலு வீடு, ஒரு கடை, இரண்டு பாதை சந்திக்கும் இடம், அவ்வளவுதான். அதை ஊராக்கியது ரயில். சின்சினாட்டி நகரம் தன் சொந்தப் பணத்தில் சாட்டனூகா வரைக்கும் போட்ட தண்டவாளம் 1880இல் முடிந்தது, அது இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனது. மலைக்குள் நிலக்கரி, பக்கத்திலேயே இரும்புக்கல், சுண்ணாம்புக்கல், வாசலில் ரயில். இரும்பு உருக்க வேறென்ன வேண்டும்? கடல் தாண்டி முதல் வந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கம்பளி ஆலையில் சம்பாதித்து சால்ட்டேர் என்று ஓர் ஊரையே கட்டிய டைட்டஸ் சால்ட்டின் குடும்பம் டேட்டன் நிலக்கரி இரும்புக் கம்பெனியில் பணம் போட்டது. ஊதுலைகள் எழுந்தன, நிலக்கரியைச் சுட்டு உலைக்கு வேண்டிய ‘கோக்’ எரிபொருளாக்கும் அடுப்புகள் வரிசையாக வந்தன. ஆற்றங்கரை வாஷிங்டனிடமிருந்து தலைமையூர் என்ற பட்டமும் டேட்டனுக்கு மாறியது. 1891இல் செங்கல்லில் மூன்று மாடியும் மணிக்கூண்டுமாக ஒரு கோர்ட் கட்டிடம் எழுப்பினார்கள். அந்தக் கட்டிடத்தின் அளவை நேரில் பார்த்தால்தான் தெரியும், இது வளரப்போகும் நகரம் என்று நம்பிய ஜனங்கள் கட்டியது அது. இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கோர்ட் அறை எதற்கு என்று மாணவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

சுரங்கத்தின் கணக்கு வேறு. 1895, 1901, 1902 என்று மூன்று முறை டேட்டன் சுரங்கங்கள் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் செத்தார்கள். மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் ஏழே வருஷத்தில் அறுபது சாவு. அப்புறம் 1913இல் கம்பெனியே நொடித்துப்போனது. 1925இல் டேட்டனில் ஏறத்தாழ 1,800 பேர்தான் மிச்சம். சுற்றி விவசாயம், ரயிலில் ஏற்றி அனுப்பும் ஸ்ட்ராபெரி, சில சின்னத் தொழிற்சாலைகள், கூடவே அணைந்துபோன ஊதுலை. இந்த அணைந்த உலையை வைத்துக்கொண்டுதான் வழக்கைப் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

1925 மார்ச்சில் டென்னஸி சட்டமன்றம் பட்லர் சட்டத்தை நிறைவேற்றியது. மேக்கன் கவுண்டி விவசாயியும் உறுப்பினருமான ஜான் வாஷிங்டன் பட்லர் கொண்டுவந்தது. மனிதன் கீழான விலங்கினத்திலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளியில் கற்பித்தால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம். குடிமக்கள் உரிமைக்காக வாதாடும், நியூயார்க்கில் இருந்த அமெரிக்கன் சிவில் லிபர்ட்டீஸ் யூனியன் என்ற அமைப்பு, இந்தச் சட்டத்தைக் கோர்ட்டில் சோதித்துப் பார்க்கத் துணியும் ஆசிரியர் யாராவது இருந்தால் வழக்கு நடத்த நாங்கள் தயார் என்று அறிவித்தது. மே 4ஆம் தேதி சாட்டனூகா பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. டேட்டனில் அதைப் படித்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் ரேப்பல்யே, நியூயார்க்கிலிருந்து வந்தவர். நொடித்த சுரங்கச் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர். அதாவது ஊரின் பழைய தொழிலில் மிஞ்சியிருந்ததைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர். செய்தியை எடுத்துக்கொண்டு அவர் நேராகப் போனது ராபின்சன் மருந்துக்கடைக்கு.

எஃப். ஈ. ராபின்சனின் கடை மருந்து மட்டும் விற்கும் கடை இல்லை. சோடா, ஐஸ்கிரீம், பள்ளிப் புத்தகம், ஊர்க்கதை எல்லாம் அங்கேதான். ராபின்சன் கவுண்டிப் பள்ளி வாரியத் தலைவரும்கூட. மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் பள்ளிக் கண்காணிப்பாளர் வால்ட்டர் வைட் பட்லர் சட்டத்துக்கு ஆதரவு, ரேப்பல்யே கடும் எதிர்ப்பு. சகோதரர்களான இரண்டு இளம் வக்கீல்கள், ஹெர்பர்ட் ஹிக்ஸ், சூ ஹிக்ஸ். (சூ என்பது பெண் பெயர்தான். தன்னைப் பெற்றபோதே இறந்துபோன தாயின் பெயரை அவருக்கு வைத்திருந்தார்கள்.) சட்டம் சரியா தவறா என்பதில் இவர்கள் ஒத்துப்போகவில்லை. வழக்கு வந்தால் ஊர் பத்திரிகையில் அடிபடும், வெளியூர்க்காரன் வருவான், வியாபாரம் நடக்கும் என்பதில் ஒத்துப்போனார்கள். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது இளைஞனை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். கென்டக்கிக்காரர், பள்ளியில் அறிவியலும் கால்பந்துப் பயிற்சியும் பார்த்தவர், அரசு வக்கீல் தரப்பில் உட்காரப்போகும் ஹிக்ஸ் சகோதரர்களுக்கு நண்பர். ராபின்சன் கடை அலமாரியிலேயே விற்பனைக்கு இருந்த, மாநில அரசே பாடமாக வைத்த ஹண்ட்டரின் உயிரியல் புத்தகத்தில் பரிணாமம் இருந்தது. இந்தப் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்துகிறவர் யாரும் சட்டத்தை மீறாமல் நடத்த முடியாது என்று ஸ்கோப்ஸ் சொன்னார், வழக்குக்கு நிற்கச் சம்மதித்தார். பிறகு டென்னிஸ் ஆடத் திரும்பிப் போய்விட்டார் என்பது அவரே பின்னாளில் சொன்னது.

உறுதி எது, ஐயம் எது என்பதை இந்த இடத்தில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு கூட்டம் நடந்தது, இன்னின்னார் இருந்தார்கள், விளம்பரம்தான் முக்கிய நோக்கம் என்பவற்றில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. மேஜையில் யார் எந்த வார்த்தை சொன்னார்கள் என்பதெல்லாம் பல வருஷம் கழித்துச் சொல்லப்பட்டவை, ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் பொருந்தாது. அதைவிட முக்கியமான ஐயம், ஸ்கோப்ஸ் பரிணாமத்தை உண்மையில் வகுப்பில் நடத்தினாரா என்பதே. உயிரியல் அவர் பாடம் இல்லை. உடம்பு சரியில்லாத தலைமையாசிரியருக்குப் பதிலாகச் சில நாள் வகுப்பு எடுத்தவர். அந்தப் பகுதியை நடத்தியதாகத் தனக்கே நினைவில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். கோர்ட்டில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. ஹண்ட்டரின் புத்தகத்தை முழுக்கப் படித்தவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதில் பரிணாமம் மட்டும் இல்லை, மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை மேலே வைக்கும் பக்கமும், ‘தரமற்ற’ குடும்பங்கள் பெருகாமல் தடுக்கவேண்டும் என்ற பக்கமும் இருந்தன. அறிவியல் ஒரு பக்கம், மூடநம்பிக்கை மறு பக்கம் என்று கோடு கிழிக்கிறவர்களுக்கு அந்தப் புத்தகத்தையே எடுத்துக் காட்டுவேன்.

வழக்கு தயாரானதும் சாட்டனூகாவுக்குப் பொறாமை. நாங்களே ஒரு வழக்குப் போட்டுக்கொள்கிறோம் என்று அங்கே முயற்சி நடந்தது. கைநழுவிவிடக்கூடாது என்று டேட்டன்காரர்கள் அவசர அவசரமாக மே 25ஆம் தேதியே குற்றப்பத்திரிகை வாங்கிவிட்டார்கள். எத்தனையோ ஊர் இருக்க ஏன் டேட்டன் என்று கேட்டுப் பதிலும் சொல்லும் சின்னப் புத்தகம் ஒன்றை அச்சடித்து விற்றார்கள். ஊரில் ஜே. ஆர். டார்வின் என்று ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார், நிஜமாகவே அதுதான் பெயர். ‘டார்வின் சொல்வது சரி’ என்று பெரிய எழுத்திலும் ‘உள்ளே’ என்று சின்ன எழுத்திலும் பலகை மாட்டினார். ராபின்சன் ‘எல்லாம் தொடங்கியது இங்கேதான்’ என்று தன் கடைக்கு விளம்பரம் செய்தார். இதையெல்லாம் செய்தவர்கள் வெறிபிடித்த கூட்டமா, சந்தை நாளுக்குத் தயாராகும் வியாபாரிகளா? பதிலை நீங்களே சொல்லுங்கள்.

ஜூலை 10 முதல் 21 வரை விசாரணை. மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் அரசுத் தரப்பில், சிகாகோவின் பெயர்பெற்ற வக்கீல் கிளாரன்ஸ் டாரோ எதிர்த்தரப்பில். சுமார் 200 நிருபர்கள், 22 டெலிகிராப் ஆட்கள். சிகாகோ வானொலி நிலையம் ஒன்று அமெரிக்காவிலேயே முதன்முறையாக ஒரு வழக்கை நேரடியாக ஒலிபரப்பியது. பால்ட்டிமோரிலிருந்து வந்த பத்திரிகையாளர் எச். எல். மென்கன்தான் டேட்டன் ஜனங்களைப் படிக்காத முட்டாள்களாக உலகத்துக்குக் காட்டியவர். அவரே டேட்டனிலிருந்து அனுப்பிய முதல் கட்டுரையில், அழுக்குப் பிடித்த கிராமத்தை எதிர்பார்த்து வந்தேன், அழகான ஊரைக் கண்டு திகைத்தேன் என்று எழுதியிருக்கிறார். பிறகு எழுதியவற்றில் அந்தத் திகைப்பு மறைந்துவிட்டது. டாரோ பிரையனைக் குறுக்கு விசாரணை செய்த அந்த முக்கிய நாளில் மென்கன் ஊரிலேயே இல்லை, முன்னதாகவே கிளம்பிவிட்டார்.

ஊரார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல சாட்சி ஜூலை 16. அறிவியலாளர்களைச் சாட்சி சொல்ல விடலாமா என்று வாதம் நடந்த நாள். அன்று பிரையன் பேசினார். அவருக்குப் பின் எதிர்த்தரப்பு வக்கீல் டட்லி ஃபீல்ட் மலோன் எழுந்து, பிள்ளைகள் மனதைத் திறந்து வையுங்கள், உண்மைக்குப் பயப்படாதீர்கள் என்று பேசினார். பிரையனுக்காகவே கூடிய கூட்டம் பிரையனைவிட மலோனுக்குத்தான் அதிகமாகக் கைதட்டியது. இந்தப் பகுதியைக் கோர்ட் அறையில் வாசிக்கும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதை ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். தங்கள் கொள்கைக்கு எதிரான பேச்சு என்று தெரிந்தே, நல்ல பேச்சு என்பதற்காகக் கைதட்டிய ஜனங்கள் அவர்கள். ஸ்கோப்ஸை யாரும் சிறையில் போடவில்லை, கல்லெறியவும் இல்லை. ஊர்ச் சங்கம் இரு தரப்பாருக்கும் விருந்து வைத்தது. சாட்சி சொன்ன மாணவன் ஒருவன், பரிணாமம் படித்த பிறகும் தான் சர்ச்சில் உறுப்பினன்தான் என்றான்.

அதற்காக டேட்டனை வெள்ளையடிக்கவும் நான் தயாராக இல்லை. கோர்ட் ஒவ்வொரு நாளும் ஜெபத்தோடு தொடங்கியது. டாரோ ஆட்சேபித்தும் நீதிபதி ஜான் ரால்ஸ்டன் நிறுத்தவில்லை. ‘பைபிள் படியுங்கள்’ என்று கோர்ட் கட்டிடத்திலேயே தொங்கிய பதாகையைக் கழற்ற டாரோ சண்டை போடவேண்டியிருந்தது. ஜூரி பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள், பெரும்பாலும் விவசாயிகள், ஒருவருக்கு வாசிக்கத் தெரியாது. வேடிக்கை பார்க்க முன்வரிசை கிடைக்கும் என்று ஆசைப்பட்டு ஜூரிக்கு வந்தவர்கள்தான் பாவம், வாதங்களில் பெரும்பகுதிக்கு அவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 20 மதியம் வெக்கை தாங்கவில்லை, கூட்டத்தின் கனத்தில் தளம் இறங்கிவிடுமோ என்ற பயம் வேறு. நீதிபதி விசாரணையை வெளியே புல்வெளிக்கு மாற்றினார். அங்கே மர நிழலில்தான் எதிர்த்தரப்பு பிரையனையே சாட்சியாகக் கூப்பிட்டது, டாரோ அவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குடைந்தார். பைபிளின் ஆதியாகமத்தில் வரும் படைப்பு நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்கவேண்டியதில்லை என்று பிரையனே ஒப்புக்கொண்டார். மறுநாள் நீதிபதி அந்தச் சாட்சியம் முழுவதையும் பதிவிலிருந்து நீக்கினார். மேல்முறையீட்டுக்குப் போகவேண்டும் என்பதால் டாரோவே தன் கட்சிக்காரரைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும்படி ஜூரியைக் கேட்டார். ஒன்பது நிமிஷத்தில் தீர்ப்பு, 100 டாலர் அபராதம். டென்னஸி அரசியல் சாசனப்படி 50 டாலருக்கு மேல் அபராதம் விதிப்பது ஜூரியின் வேலை, நீதிபதியின் வேலை இல்லை. அந்த ஓட்டையைப் பிடித்து மாநில உச்ச நீதிமன்றம் 1927 ஜனவரியில் தண்டனையை ரத்துசெய்தது. சட்டம் செல்லும் என்றும் சொல்லிவிட்டது. 1967 வரை அது சட்டப் புத்தகத்தில் இருந்தது.

ஊருக்கு என்ன கிடைத்தது? எதிர்பார்த்த கூட்டத்தில் பாதிகூட வரவில்லை. உலை திரும்பப் பற்றவில்லை. தீர்ப்பு வந்து ஐந்தாம் நாள், ஜூலை 26 ஞாயிறு, டேட்டனிலேயே சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து மதியம் படுத்த பிரையன் எழுந்திருக்கவில்லை. அவர் பெயரில் ஒரு கல்லூரி எழுப்பப் பணம் திரட்டினார்கள். 1929 பொருளாதாரச் சரிவு குறுக்கே வந்தது. கடைசியில் 1930இல் வகுப்புகள் தொடங்கின. எங்கே தெரியுமா? ஸ்கோப்ஸ் பாடம் நடத்திய அதே பழைய உயர்நிலைப் பள்ளிக் கட்டிடத்தில். மலைமேல் சொந்த இடத்துக்குப் பிறகுதான் போனார்கள். பிரையன் கல்லூரி இன்றும் நடக்கிறது.

வழக்குக்கு வெளியேயும் ஊர் வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. 1940இல் சிக்கமாகா அணை கட்டியதும் ஆறு ஏரியாக விரிந்து ஊர் ஓரம்வரை வந்தது. இன்று தூண்டில் போடுகிறவர்கள் நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். ஸ்ட்ராபெரித் திருவிழா 1947இல் தொடங்கியது. நிலக்கரி விட்டுப்போன இடத்தை 1970களில் நாற்காலித் தொழிற்சாலை பிடித்தது. லா-இசட்-பாய் சாய்வு நாற்காலி செய்யும் அந்த ஆலைதான் பல குடும்பங்களுக்குச் சோறு. இப்போது சுமார் 7,000 பேர் வசிக்கிறார்கள். மதமும் பள்ளியும் உரசிக்கொள்வது நிற்கவும் இல்லை. பிரையன் கல்லூரி மாணவர்கள் கவுண்டித் தொடக்கப் பள்ளிகளில் பல பத்தாண்டுகளாக நடத்திவந்த பைபிள் வகுப்பை 2002இல் கூட்டாட்சி நீதிமன்றம் தடைசெய்தது.

போக முடிந்தால் போய்ப் பாருங்கள். கோர்ட் கட்டிடத்தின் அடித்தளத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. ராபின்சன் கடையின் மேஜை, நாற்காலி என்று காட்டப்படுபவை அங்கே உள்ளன. ஒரு வரலாற்றையே தொடங்கிவைத்தது என்று நம்ப முடியாத அளவு சின்ன மேஜை, நாலு பேர் கை வைத்தால் டம்ளர் வைக்க இடம் இருக்காது. அப்புறம் படியேறிக் கோர்ட் அறைக்குப் போங்கள். பழைய மர இருக்கைகள், இரண்டு பக்கமும் உயரமான ஜன்னல்கள். நடந்தால் தளம் முனகும், அந்தச் சத்தத்தைக் கேட்டால் நீதிபதி ஏன் பயந்தார் என்று புரியும். ஜூலையில் போனால் உள்ளூர்க்காரர்களே வழக்கை நாடகமாக நடிக்கிறார்கள், வசனம் பெரும்பாலும் சுருக்கெழுத்துப் பதிவிலிருந்து எடுத்தது. வெளியே வந்தால் புல்வெளியில் இரண்டு சிலைகள். பிரையனுக்கு 2005இல் வைத்தார்கள். டாரோவுக்கு 2017வரை இடம் கிடைக்கவில்லை. வைத்தபோது எதிர்த்துப் பதாகை பிடித்தவர்கள் இருந்தார்கள், ஆனாலும் சிலையை அனுமதித்தது அதே கவுண்டிதான். 1925இல் சாட்சிக் கூண்டாக இருந்த அந்தப் புல்வெளியிலேயே இருவரும் இப்போது ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். சனிக்கிழமை காலையில் போனால் நிழலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் யாராவது இருப்பார்கள். வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள், அலுத்துப்போயிருப்பார்கள். சுரங்கத்தைப் பற்றிக் கேளுங்கள். தாத்தா எந்தச் சுரங்கத்தில் வேலை செய்தார் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள்.